நாலு இலைக்கு ஒரு பூ

அமரில்லிஸ் என்று பூக்கடைக்காரரும் நர்சரிக்காரரும் நம்மில் பெரும்பாலோரும் அழைக்கும் பூ, தாவரவியலின் கணக்கில் அமரில்லிஸ் அன்று. அப்பெயருக்கு உரிய செடி தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தது. இலைகள் உதிர்ந்த பிறகு வெறுந்தண்டில் இளஞ்சிவப்பாகப் பூப்பது. தொட்டியில் வைத்து நாம் பெருமைப்படும் சிவப்பும் ஆரஞ்சும் வெள்ளையுமான பெரும்பூக்களின் பூர்வீகம் தென்னமெரிக்கா, பெயர் ஹிப்பியஸ்ட்ரம். லின்னேயஸ் 1753இல் அமரில்லிஸ் என்னும் பேரினத்தை நிறுவ, இரு கண்டத்துச் செடிகளும் காலப்போக்கில் அதற்குள் வந்து சேர்ந்தன. வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1821இல் தென்னமெரிக்கச் செடிகளைத் தனியே பிரித்து, குதிரைவீரன், விண்மீன் என்ற பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை ஒட்டிப் புதுப்பெயர் சூட்டினார். லின்னேயஸ் மனத்தில் இருந்தது எந்தக் கண்டத்துச் செடி என்ற வழக்கு இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் கிளம்பிப் பல பத்தாண்டுகள் நடந்தது. 1987இல் பெர்லினில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டில்தான் தீர்ப்பு தென்னாப்பிரிக்காவின் பக்கம் முடிந்தது. வழக்கில் தோற்ற பெயர் கடைத்தெருவில் இன்றும் வென்றுகொண்டிருக்கிறது. நாங்களும் பேச்சில் அமரில்லிஸ் என்றே சொல்கிறோம்.

அமரில்லிஸ் என்பவள் வெர்ஜிலின் முல்லைநிலப் பாடல்களில் வரும் ஆயர்குலப் பெண். அவள் பொன்னம்பால் தன் நெஞ்சைக் குத்திக்கொண்டு காதலனின் வாசலில் முப்பது நாள் நின்றாள், சிந்திய குருதியிலிருந்து இப்பூ பிறந்தது என்றொரு கதை, கிழங்கு விற்போர் தரும் துண்டுச்சீட்டுகளில் அச்சாகி வருகிறது. வெர்ஜிலில் அப்படி ஒன்றும் கிடையாது. பூவை விற்க ஒரு காதலும் கொஞ்சம் ரத்தமும் தேவைப்படுகின்றன போலும்.

அம்மாவுக்கு இந்த வழக்குகள் எவையும் தெரியாது. அவள் அதை வெங்காயப்பூ என்றாள். குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் படிக்கட்டோரம், ஏப்ரலில் பத்துப் பன்னிரண்டு தண்டுகள் ஒரே வாரத்தில் எழுந்து நிற்கும். ஆரஞ்சு நிற இதழ், தொண்டையில் பச்சையோடிய வெள்ளை நட்சத்திரம். பிள்ளைகள் ஸ்பீக்கர் பூ என்பார்கள். தோண்டிப் பார்த்தால் வெங்காயம், ஆகவே வெங்காயப்பூ. அம்மாவின் தர்க்கம் அவ்வளவுதான். பள்ளியில் ஆங்கிலப் பெயர் கற்றுக்கொண்டு வந்து அவளைத் திருத்தியவர்கள் நாங்கள். ஆனால் 2009இல் தாவரவியலாளர்கள் தங்கள் குடும்ப வகைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டபோது, வெங்காயத்தையும் பூண்டையும் கொண்டுபோய் அமரில்லிஸ் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மரபணுச் சான்று அம்மாவின் பக்கம் பேசியது. செய்தியை அவளிடம் சொன்னபோது, “பார்த்தாலே தெரியலையா?” என்றாள்.

உறவு உறவாயிருக்க, இதைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. லைக்கோரின் என்ற நச்சு அதில் உண்டு; கடித்தால் வாந்தி. வெங்காயக்கூடையும் தோட்டத்துக் கிழங்குக்கூடையும் அருகருகே இருக்கலாகாது என்பது அம்மா விதித்த சட்டம்.

நாங்கள் அக்கா தங்கை இருவர். கோயம்புத்தூரில் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் மூத்தவள் குடும்பமும் மேல்தளத்தில் இளையவள் குடும்பமும் வசிக்கின்றன. மொட்டைமாடி பொது. அங்கே நூற்று நாற்பது தொட்டிகள். பெரும்பகுதி ஹிப்பியஸ்ட்ரம், மீதி மழை லில்லிகள், நிலச்சம்பங்கி, மே மாதத்தில் செம்பந்தாக வெடிக்கும் ஃபயர்பால் லில்லி, வேலியோரத் தொட்டிகளில் காந்தள். வீட்டு ஆண்கள் மாடிக்கு வருவது தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழியும்போது மட்டும்.

கிழங்கு என்று பொதுவாகச் சொன்னாலும் இவை ஒருகுலத்தவை அல்ல. காந்தளுக்கு மண்ணுக்குக் கீழே இருப்பது உண்மையான கிழங்கு, கலப்பைபோல் கவைத்த வடிவம். கலப்பைக்கிழங்கு என்ற பேரும் அதனால் வந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களின் நீண்ட வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. இன்று அது தமிழகத்தின் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப்பூ. தாராபுரம், மூலனூர் பக்கத்து விவசாயிகளுக்கோ கண்வலிக்கிழங்கு. அங்கே முள்வேலிக் கம்புகளில் படரவிட்டு, பூக்கும் காலத்தில் காலைதோறும் கையால் மகரந்தம் சேர்த்து விதைக்காக வளர்க்கிறார்கள். விதையிலிருந்து கிடைக்கும் கொல்சிசின் கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்து. செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கப் புதுவகை உருவாக்குவோரும் அதையே நாடுகிறார்கள். அகத்துறைப் பாடல்களில் மலைச்சாரல் முழுக்க மணந்த பூ கிலோக் கணக்கில் விலை பேசப்படுவதைப் பார்த்தால் கபிலர் என்ன சொல்லியிருப்பாரோ. விவசாயிக்குக் காசு வருகிறது என்ற அளவில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

சம்பங்கியும் வந்தேறிதான், மெக்சிகோக்காரி. சத்தியமங்கலத்து வயல்களில் விளைந்து நம் மாலைகளில் ஏறிய பிறகு அதை அந்நியம் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. அண்மையில் அதைக் கற்றாழை போன்ற அகேவ் பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

ஹிப்பியஸ்ட்ரத்தின் நிலத்தடி உருண்டையைத் தாவரவியல் தமிழில் குமிழம் என்பர். அது வேருமன்று, தண்டுமன்று. இலைகளின் அடிப்பகுதிகள் உணவைச் சேமித்துப் பருத்து ஒன்றையொன்று போர்த்திக்கொண்டது. அழுகிச் செத்த குமிழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் வரலாறு தெரியும். நான்கு இலைக்கு ஒரு பூத்தண்டு என்ற கணக்கில் அது தன்னை அடுக்கிக்கொண்டே போகிறது. நான்கு அடுக்குகள், பிறகு பூத்து முடிந்த தண்டின் தட்டையான காய்ந்த சுவடு. மீண்டும் நான்கு, மீண்டும் சுவடு. நடுவே, இன்னும் வெளிச்சம் பாராத அடுத்த மொட்டு, அரிசிமணி அளவில், மஞ்சளாக. அந்த மொட்டு உருவாகத் தொடங்கி மலர ஏறத்தாழ ஓராண்டாகும். இந்தச் சித்திரையில் நாம் வியக்கும் பூ போன ஆண்டு வெயிலிலேயே தீர்மானமாகிவிட்டது.

இதை அறிந்தால் புதிதாக வாங்குவோரின் ஒரு பெருந்துயரம் விளங்கும். ஹாலந்திலிருந்து இறக்குமதியாகும் குமிழம் முதல் வருடம் அட்டைப்படத்தில் கண்டபடியே பூக்கும். மறு வருடம் இலையாய் விட்டுக்கொண்டு சும்மா இருக்கும். முதல் பூ விற்றவரின் வயலில் உருவானது, நமக்கு அதில் பங்கில்லை. இரண்டாம் பூதான் நம்முடையது. அதற்கு இலைகள் நன்றாக வெயில் தின்ன வேண்டும். பூ முடிந்ததும் தொட்டியை நிழலில் ஒதுக்குகிறவர்கள் அடுத்த பூவை ஒதுக்குகிறார்கள்.

ஹாலந்து வழிமுறைப்படி இலை வாடவிட்டு, 13 டிகிரி அளவு குளிரில் எட்டுப் பத்து வாரம் உறங்கவைக்க வேண்டும். கோயம்புத்தூரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? குளிருக்குப் பதில் தாகத்தைக் கொடுக்கிறோம். ஐப்பசி மழை தொடங்குமுன் தொட்டிகளைத் தகரக்கூரைக்குக் கீழே நகர்த்தி, கார்த்திகைக்குப் பிறகு நீரை நிறுத்தி, மாசி இறுதியில் ஒருநாள் நிறைய ஊற்றுகிறோம். செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம், ஒரு பிடி எலும்புத்தூள். கழுத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். தொட்டி சிறிதாகவே இருக்கலாம், நெருக்கத்தில் அது சோம்புவதில்லை. பங்குனி கடைசியில் இலைக்கு முன்னால் ஒரு மூக்கு எட்டிப்பார்க்கும். அது மொட்டா இலையா என்று மூத்தவள் விரலால் தடவிச் சொல்லிவிடுவாள். இளையவளுக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரியும்.

மழை லில்லிகளுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. கோடைமழை பெய்து மூன்று நான்கு நாளில் தாமே பூக்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். குழாய்நீர் எத்தனை ஊற்றினாலும் மழைக்குப் பூப்பதுபோல் பூப்பதில்லை. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் அவற்றில் எண்ணற்ற புதுக்கலப்புகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் சினிமா நடிகையருக்கு வைப்பதுபோல் பெயர் வைத்து விற்கிறார்கள். பெயர்களில் பாதியை எங்களால் பூவிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை.

சேகரிப்பவர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்துப் பிரஸ்காட் என்னும் ஊரில் ஆர்தர் ஜான்சன் என்றொரு கடிகாரத் தொழிலாளி இருந்தார். 1799இல் அவர் இரண்டு தென்னமெரிக்க இனங்களைக் கலந்து, செந்நிறத்தில் வெள்ளைக் கோடோடும் ஒரு பூவை உண்டாக்கினார். பதிவான முதல் கலப்பு ஹிப்பியஸ்ட்ரம் அதுவே. சில குமிழங்களை லிவர்பூல் தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்திருந்தார். பின்னர் அவருடைய கண்ணாடிக்கூடம் அழிந்தபோது, லிவர்பூலுக்குப் போனவை பிழைத்திருந்தன. அவர் பெயரைத் தாங்கிய ஜான்சனியை என்ற அந்தச் செடி இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய வீட்டு முற்றங்களில், கடையில் வாங்கப்படாமல் கைமாறிக் கைமாறியே வாழ்கிறது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கக்கன்று பிரித்து நடும் செடி தாயின் பிள்ளையன்று, தாயேதான். லிவர்பூல் பூங்காவில் நின்றதும் இன்றைக்கு ஒரு முற்றத்தில் நிற்பதும் ஒரே உயிர். விதையிலிருந்து வருவதுதான் பிள்ளை.

அம்மாவிடம் இருந்ததும் அப்படிப்பட்ட ஓர் உயிர். அப்பா ஓய்வுபெற்று குன்னூரைவிட்டு இறங்கிய 1994இல், பித்தளை அண்டாவுக்குள் சாக்குப்பை விரித்துக் கொண்டுவந்தாள். சமவெளி வெயிலில் பூவின் நிறம் ஒரு பங்கு வெளிறிற்று, மற்றபடி குறையில்லை. கன்று பிரிக்கும் நாளில் அவற்றைப் பழைய நாளிதழில் சுற்றி, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் கொடுப்பாள். காசு வாங்கியதில்லை. “மூணு வருஷம் கழிச்சுக் கேப்பேன், பூத்துதான்னு,” என்பாள். கேட்கவும் செய்வாள். கல்யாண வீடுகளில் அவளைக் கண்டு ஒளிந்துகொண்டவர்களை நாங்கள் அறிவோம்.

கடைசி ஆறு ஆண்டுகளில் அவள் நினைவு நைந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் ஒன்றின் பெயர் கேலண்டமைன். அது முதலில் ஸ்னோட்ராப் என்ற சிறு வெண்பூவின் குமிழத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதுவும் அமரில்லிஸ் குடும்பம். அமெரிக்காவில் 2001இல் அனுமதி பெற்ற மருந்து. இதைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட பரவசம் சொல்லத் தரமன்று. குடும்பம் குடும்பத்தைக் காப்பாற்ற வருகிறது என்று நம்பத் தொடங்கிவிட்டோம். அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி மிகுந்து இரண்டு மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2016இல் அவள் போனாள். மொட்டைமாடியில் அவள் தொட்டி, ஒரு தாய்க்குமிழமும் ஏழு கன்றுகளுமாக, எங்களுக்கு வந்தது.

அதன்பின் நாங்கள் முழுமூச்சான சேகரிப்பாளர்கள் ஆனோம். துக்கம் இப்படியும் வெளிப்படும் என்று அப்போது தெரிந்திருக்கவில்லை. கலிம்போங்கிலிருந்து குமிழங்கள் வந்தன. அந்த மலையூர் நர்சரிகளுக்கு இத்தொழிலில் நெடுநாள் பெயர். பிரேசில் நாட்டு இனமான பப்பிலியோ, வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்ததுபோல் அரக்கும் இளம்பச்சையுமாகப் பூப்பது, ஒருவருட சேமிப்பில் வந்தது. வெளிநாட்டுப் பயணிகளின் பெட்டிகளில் துணிக்குள் ஒளிந்து வரும் குமிழங்கள் மட்டும் வேண்டாம் என்று உறுதியாக இருந்தோம். 2003இன் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி சான்றிதழின்றிச் செடிகொண்டுவருதல் குற்றம் என்பதோடு, பெட்டிக்குள் செடி மட்டுமா வருகிறது என்ற பயமும் உண்டு. ஆனால் உள்நாட்டுக் கூரியரில் வருவதற்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை.

பகைவர்கள் பலர். கறுப்புடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிவைத்த புழுவொன்று உண்டு, இரவோடிரவாக இலையைக் குருத்துவரை தின்றுவிடும். அதன் அறிவியற்பெயரிலேயே காந்தள் இருக்கிறது: பாலிடெலா குளோரியோசே. காந்தளும் அமரில்லிஸும் ஒரே குடும்பமல்ல என்று தாவரவியலாளர் சொல்வதை அந்த அந்துப்பூச்சி ஏற்பதில்லை, இரண்டிலும் முட்டையிடுகிறது. கையால் பொறுக்கிச் சோப்புநீரில் போடுவோம். இலையிலும் தண்டிலும் செந்தழும்பு உண்டாக்கும் பூஞ்சை மற்றொன்று. அதை வெயிலும் காற்றும் அடக்கும்.

அடக்க முடியாதது மொசைக் வைரஸ். ஹிப்பியஸ்ட்ரம் மொசைக் வைரஸ் என்றே அதற்குப் பெயர். கரும்பச்சை இலையில் வெளிர்பச்சைத் திட்டுகளும் நெடுங்கோடுகளும் தோன்றும். இலையை வெயிலுக்கெதிரே பிடித்தால் மொசைக் தரையாகத் தெரியும். பரப்புவது அசுவினி. வெட்டும் கத்தியில் ஒட்டிய சாறும் கடத்தும்; கத்தியை ஒவ்வொரு குமிழத்துக்கும் நெருப்பில் காட்டிய பிறகே நாங்கள் பயன்படுத்துவது அதனால்தான். மருந்து கிடையாது. ஒருமுறை ஏறினால் அந்த உயிர் முழுக்க, அதன் கன்றுகள் முழுக்க அது இருக்கும். ஆய்வுக்கூடத்தில் முனைத்திசுவைக் கிள்ளி வளர்த்துத் தூய்மைப்படுத்தலாம். அது வீட்டுக்காரர் வேலையன்று.

2021 ஆடியில் கூரியரில் வந்த ஒரு குமிழத்தின் முதல் இலையிலேயே கோடுகள் இருந்தன, அன்றே அப்புறப்படுத்தினோம். 2022 ஆவணியில் அம்மாவின் தொட்டியில் ஓர் இலை. உரக்குறைவாக இருக்கும் என்றாள் மூத்தவள். மக்னீசியச் சத்துக் கொடுத்துப் பார்த்தோம். அடுத்த இலையும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததும். கன்றுகள் ஏழிலும்.

துலிப் பைத்தியம் பற்றி நண்பர்கள் படித்திருப்பார்கள். ஹாலந்தில் வீட்டுவிலைக்குப் போன துலிப் கிழங்குகள், 1637 பிப்ரவரியில் விலை சரிந்தது, இன்ன பிற. ஊரே நொடித்துத் தெருவுக்கு வந்தது என்பது மிகைக்கதை என்று ஆன் கோல்ட்கர் ஆவணங்களைத் துருவி 2007இல் வெளிவந்த தம் நூலில் காட்டியிருக்கிறார். எங்களுக்கு அதில் உறைப்பது வேறொன்று. அவர்கள் உயிரைவிட்ட அந்தச் சுடர்க்கோட்டு இதழ்கள் நோயின் கோலம். அதுவும் வைரஸே, எங்கள் மொசைக்கின் உறவினம். டோரதி கேலி என்ற ஆராய்ச்சியாளர் 1928இல்தான், அது கிழங்கிலிருந்து கிழங்குக்குத் தொற்றும் என்று நிறுவினார். மூன்று நூற்றாண்டுக் காலம் மனிதர்கள் பிணியை அழகென்று விலைகொடுத்து வாங்கினார்கள்.

மூத்தவள் இதையே தன் கட்சிக்கு எடுத்துக்கொண்டாள். நோயோடு செடி வாழ்கிறதே, பூக்கிறதே. அடுத்த ஆண்டு ஆறு தண்டுக்குப் பதில் இரண்டு வரட்டும், என்ன போயிற்று? பழைய குலங்களில் எத்தனை இந்த வைரஸைச் சுமந்துகொண்டே நூறாண்டு கண்டிருக்கும்? இளையவளின் கட்சி சுருக்கமானது: அசுவினிக்கு எல்லை தெரியாது, மாடியில் நூற்று நாற்பது தொட்டி. எங்கள் கையால் கலந்து, விதையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு முளைக்கவைத்த நாற்றுகள் மூன்று, நான்காம் ஆண்டில், முதற்பூவுக்குக் காத்து நின்றன. விதைவழியாக இந்த நோய் பெரும்பாலும் கடப்பதில்லை. ஆகவே அம்மாவின் பூவிலிருந்தே விதை எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தோம். முப்பது வருடத்தில் அது ஒரு காயும் பிடித்ததில்லை. பப்பிலியோவின் மகரந்தம், சிவப்பின் மகரந்தம், எதை வைத்தாலும் மூன்றாம் நாள் சூலகம் மஞ்சளித்து விழும். பழந்தோட்டங்களில் வழிவழியாக வரும் ஆரஞ்சு வகைகளில் 22 குரோமோசோமுக்குப் பதில் 33 கொண்டவை உண்டு. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் அவை மலடு. அம்மாவின் செடி அந்த வகை என்றே எண்ணினோம். பிள்ளை இல்லாத உயிர், தன்னையே மறுபடி மறுபடி தருவதொன்றே அதற்கு வழி.

ஆறு மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தொட்டியைக் கீழ்த்தளத்துப் பின்கட்டில் வலைபோட்டு வைத்தாள் மூத்தவள். தோட்டமுள்ள நண்பர் ஒருவர் தாம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நோயை நாளிதழில் சுற்றிக் கொடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை. கடைசியில் இளையவள் சொன்னது வாதமல்ல: “அக்கா, அம்மா இருந்திருந்தா நம்மகிட்ட கேட்டிருக்கவே மாட்டா. பிடுங்கிப் போட்டுட்டுக் காப்பி போடப் போயிருப்பா.” உண்மைதான். அம்மா இரக்கமற்ற தோட்டக்காரி. புழுவைச் செருப்புக்காலால் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள்.

2023 தை மாதம் ஒருநாள் பிடுங்கினோம். எட்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ. எரிக்க இடமில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடப்போனால், மக்கும் குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்றார் தூய்மைப் பணியாளர் அம்மாள். உரமாகி எவர் தோட்டத்துக்கோ போய்விடக்கூடாது என்று விளக்கினோம். அவர் பையை வாங்கிப் பார்த்து, “நோய் கண்டதா? அப்ப ஆஸ்பத்திரிக் குப்பையில போட்டுக்கலாம், குடுங்க,” என்று பஞ்சும் ஊசியும் கிடந்த சிவப்பு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அதன்பின்தான் தேடல் தொடங்கியது. அம்மா கொடுத்த கன்றுகள் எங்கோ இருக்க வேண்டுமே. யார் யாருக்குக் கொடுத்தாள் என்று அவள் எழுதிவைத்ததில்லை. மூன்றாண்டுக்குப் பின் கேட்பதற்கு அவளுக்கு நோட்டுப்புத்தகம் தேவைப்படவில்லை. அந்த நினைவு போனதோடு பட்டியலும் போயிற்று. நாங்கள் குவார்ட்டர்ஸ் காலத்து மனிதர்களைத் தொலைபேசியில் துழாவினோம். ஒரு வீட்டில் கார் நிறுத்தத் தரை பூசிவிட்டார்கள். மற்றொன்றில் முள்ளம்பன்றி கிளறிற்றாம். மேட்டுப்பாளையத்தில் ஒரு பெரியவர் ஆவலாகக் கூப்பிட்டுக் காட்டினார், அவர் பாதுகாத்துவந்தது விஷமூங்கில்.

அருவங்காட்டில் தையல் டீச்சரின் மகள் இருக்கிறார். எங்களைவிட மூத்தவர். துணிதுவைக்கும் கல்லை ஒட்டி நீண்ட வரிசை. சித்திரை ஆதலால் பூவோடு நின்றது. குன்னூரின் நிறம், வெளிறாத ஆரஞ்சு. வந்த காரியம் மறந்து இருவரும் சற்று நின்றுவிட்டோம். பிறகு ஒவ்வோர் இலையாக வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். கோடில்லை. அம்மா கொடுத்தது இங்கேயாவது பிழைத்ததே என்று மூத்தவள் கண்கலங்கச் சொன்னாள். அவர் எங்களைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

“உங்கம்மா குடுத்ததா? எங்கம்மாதாங்க உங்கம்மாவுக்குக் குடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு வந்து பூத்துதான்னு கேப்பேன்னு சொல்லி எல்லாருக்கும் குடுப்பாங்க.”

எஸ்டேட் தோட்டக்காரர் ஒருவரிடம் வாங்கியதாக அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த வாசகம் அம்மாவுடையது என்பதில் எங்களுக்கு ஐயமே இருந்ததில்லை. விவாதிக்கும் இடமல்ல அது. டீ கொடுத்தார், குடித்தோம். மூன்று குமிழங்களைத் தோண்டி, அவரே நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். திரும்பும் பேருந்தில் பர்லியாறு தாண்டும்வரை நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பிறகு இளையவளுக்குச் சிரிப்பு வந்தது, மூத்தவளுக்கும் தொற்றிக்கொண்டது.

மூன்றில் ஒன்று மழையில் அழுகிற்று. இரண்டு, மற்றத் தொட்டிகளுக்கு எட்டாமல், பின்கட்டில் வலைக்குள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். வெயில் சாயும் நேரத்தில் இருவரில் யாராவது ஒருவர் போய் இலையைத் தூக்கிப் பார்க்கிறோம். பெரியதில் இதுவரை மூன்று இலைகள், மூன்றும் சுத்தமான பச்சை. நான்காவது கழுத்துக்குள் இருந்து நுனிமட்டும் காட்டுகிறது.